சூனிமின் தோளாட்டம்

பூசான் துறைமுகத்தை ஒட்டிய யொங்தோ தீவின் மலையில் ஏறி இறங்கும் மினிபஸ்களில் ஒன்றுக்கு மட்டும் ஊர்க்காரர்கள் நம்பர் சொல்ல மாட்டார்கள். "ஆடுற டிரைவர் வண்டி போயிருச்சா?" என்றுதான் நிறுத்தத்தில் விசாரிப்பார்கள்.

ஆடுகிற டிரைவர் என்றால் பியோ சூனிம். ஐம்பத்தைந்து வயது, கட்டுக்குட்டான உடம்பு, கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கையுறை. வீடுகளின் வாசற்படியை உரசிக்கொண்டு போகிற அந்தச் சந்துகளில் ஒவ்வொரு வளைவு வரும்போதும் அவளுடைய இடது தோள் மேலே எழும்பி, பின்பக்கம் ஒரு சுழற்று சுழன்று, அடங்கும். ரேடியோவில் பழைய பாட்டு ஓடும். பின்சீட்டுத் தாத்தாக்கள் முழங்காலில் தாளம் போடுவார்கள். சந்தோஷம் வந்தால் தோளைக் குலுக்கி ஆடுவது அங்கே எல்லோருக்கும் வரும். கல்யாணத்தில் ஆடுவார்கள், சம்பந்தி விருந்தில் ஆடுவார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே ஆடுகிறவளை மட்டும் அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. மனசு நிறைந்த பொம்பளை என்று அவளுக்கு ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது.

உண்மையில் சூனிம் ஆடவில்லை. அவளுடைய பிராவின் தோள்பட்டி நழுவிக்கொண்டிருந்தது.

வளைவில் பெரிய ஸ்டீயரிங்கை இழுத்து ஒடிக்க இடது கை மேலே போகும். போனதும் பட்டி தோளிலிருந்து சறுக்கி மேல்கைக்கு இறங்கிவிடும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். பின்னால் இருபது பேர். சட்டைக்குள் கையை விட்டு இழுத்துக்கொள்ளவா முடியும்? அதனால் தோளை ஏற்றி, பின்னால் ஒரு வெட்டு வெட்டிப் பட்டியை மேலே கொண்டுவர அவளாகவே ஒரு வித்தை பழகிக்கொண்டாள். அடுத்த வளைவில் மறுபடி.

சூனிம் சின்ன வயதில் பூசானின் பெரிய ஷூ தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவள். அளவு பார்க்கிற பிரிவு. குதிகாலில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் ஜோடியைத் திருப்பி அனுப்பிவிடுவாள். தொழிற்சாலைகள் ஒன்றொன்றாக மூடியபோது மீனை அரைத்துப் பொரிக்கிற மீன்கேக் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் கொஞ்ச காலம் நின்றாள். பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில், கனரக வண்டி லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்றாள். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிற அவள் புருஷன் கிபோக் சிரித்தான். முதல் தடவை தோற்றாள், இரண்டாவது தடவையும் தோற்றாள், மூன்றாவது தடவை பாஸ் செய்து மினிபஸ் கம்பெனியின் முதல் பெண் டிரைவராகச் சேர்ந்தாள். அதற்கப்புறம் கிபோக் சிரிக்கவில்லை. பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்படிப்பட்டவள் தன் பிராவுக்கு மட்டும் ஒருநாளும் அளவு பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வாங்கித் தந்தாள், கல்யாணத்துக்குப் பின்னால் மாமியார் வாங்கித் தந்தாள். இரண்டு பேருக்கும் தொண்ணூறு என்ற எண் பிடித்திருந்தது. தாராளமாக இருக்குமாம். மாமியார் போன பிறகு டிவி விளம்பரம் பார்த்து, போன் போட்டு வாங்க ஆரம்பித்தாள். ஒரே பெட்டியில் எட்டு வரும். எட்டும் தொண்ணூறு ஏ, அதாவது சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டர், கப்பு சின்னது. எட்டும் ஒரே தோல் நிறம். பெட்டி தீர்ந்தால் அதே பெட்டி இன்னொன்று.

தப்பு தன் தோளில் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்குச் சரிந்த தோள். பட்டியைக் குறுக்கிப் பார்த்தாள். தோளில் வாய்க்கால் வெட்டியதுபோல் தடம் விழுந்ததே தவிர நழுவுவது நிற்கவில்லை. முதுகில் இரண்டு பட்டியையும் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டினாள். அது மேட்டில் ஏறும்போது அறுந்து பளீரென்று முதுகில் அடித்தது. ஊக்கு குத்தினாள். சந்தை வளைவில் ஊக்கு திறந்துகொண்டு அவள் போட்ட சத்தத்தில், ஏறிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையன்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். கடைசியில், தோளாலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த வசந்தத்தில்தான் புகார் வந்தது. டிரைவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வண்டி ஓட்டுகிறாள், பயணிகள் உயிரோடு விளையாடுகிறாள் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். வண்டிகளை அனுப்பும் பொறுப்பிலிருந்த பாங் அவளைக் கூப்பிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, நீங்க சந்தோஷமா இருக்கறது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா கொஞ்சம்... உள்ளுக்குள்ளயே சந்தோஷமா இருங்களேன்."

அவனிடம் போய் பிராவைப் பற்றி எப்படிச் சொல்வது? "ஆடலைப்பா. தோள்பட்டைல வலி" என்றாள்.

பாங்கின் முகம் மாறிவிட்டது. வலியோடா இத்தனை வருஷம் ஓட்டினீர்கள் என்று உருகிப்போய், அன்று சாயங்காலமே ஒரு பை நிறைய வலிக்கு ஒட்டுகிற பட்டைகளை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். நாறும் பட்டைகள். அவன் மனசு நோகக்கூடாதே என்று சூனிம் ஒன்றை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்கத் தோளை அசைக்காமல் ஓட்டிப் பார்த்தாள். முதல் வளைவில் பட்டி இறங்கிவிடும். அது முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்க, கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, சிறகொடிந்த கோழி மாதிரி மலையைச் சுற்றி வருவாள். முகம் தானாகவே கடுகடுவென்று ஆகிவிட்டது. வீட்டில் ஏதாவது கஷ்டமா என்று தாத்தாக்கள் இறங்கும்போது ரகசியமாகக் கேட்டார்கள். ஒருவர் கையில் ஆரஞ்சுப் பழம் திணித்துவிட்டுப் போனார்.

வாரத்தில் ஒருநாள் மதிய ஷிப்ட். அன்று காலை பொதுக் குளியலறைக்குப் போவது அவள் வழக்கம். சுடுதண்ணீர்த் தொட்டியில் ஊறி, பச்சைக் கையுறை போட்டு உடம்பு தேய்த்துவிடுகிறவளிடம் படுத்துத் தேய்த்துக்கொண்டு, குளிர்ந்த வாழைப்பழப் பால் குடித்தால்தான் அவளுக்கு வாரம் தொடங்கும். அந்த வாரம் போனபோது தேய்க்கிறவள் ஒரு கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதியில் எழுந்து வர மனசு வரவில்லை. வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் வண்டி எடுக்க நேரமாகிவிட்டது. உடைமாற்றும் அறையின் பெரிய மரப்பலகைமேல் பெண்கள் துணியைப் போட்டுவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சூனிம் தன் துணிகளை வாரி எடுத்து மாட்டிக்கொண்டு, சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே படி இறங்கி ஓடினாள்.

பிரா விலாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததுபோல் இருந்தது. வெந்நீரில் ரொம்ப நேரம் ஊறியதில் உடம்பு உப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வளைவு வந்தது. பழக்கத்தில் தோள் பாதி எழும்பியது. பட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது வளைவிலும் இருந்தது. பள்ளிக்கூட வளைவு, கோயில் வளைவு, எதிரே குப்பை லாரி வந்து பின்னால் எடுக்க வேண்டியிருந்த அந்தப் பொல்லாத வளைவு, எல்லாவற்றிலும் இருந்தது. கோயில் வளைவு தாண்டினால் கடல் தெரியும். நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ணிக்கொண்டே ஓட்டினாள். இத்தனை வருஷம் அந்த இடத்தில் தோளைக் கவனித்தாளே தவிரக் கடலைக் கவனித்ததில்லை. தேய்க்கிறவள் கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது, அடுத்த வாரம் ஒரு கைக்கு இரண்டாக மீன்கேக் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் பார்த்தாள். அதே தோல் நிறம்தான், ஆனால் நடுவில் சின்னதாக ஒரு லேஸ் பூ. அவளுடைய எட்டில் எதற்கும் பூ கிடையாது. உள்ளே திருப்பினால் எண்பது டி என்று போட்டிருந்தது. யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கூடத்தில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த கிபோக், "என்ன ஆச்சு?" என்றான். ஒன்றுமில்லை என்றாள். நல்ல சோப்பை எடுத்துக் கையால் பதமாக அலசி, நிழலில் காயப்போட்டாள். எண்பது டி என்றால் குட்டி இடுப்பும் பெரிய மாரும் உள்ள டிவி நடிகைகள் போடுவது என்று அவள் நினைத்திருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் தன்னையே பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள். முதல் வளைவிலேயே பட்டி இறங்கியது. உணவு இடைவேளையில் வீட்டுக்கு வந்தாள். காய்ந்திருந்த எண்பது டி-யைப் பார்த்தாள். இன்றைக்கு மட்டும், நாளைக்குக் கண்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டு மாட்டினாள். அடுத்த நாள் குளியலறைக்கு விடுமுறை. அது அவள் தப்பா? அன்றைக்கும் போட்டாள். வண்டி ஓட்டும்போது மட்டும் சுகமாக இருந்தது. வண்டியை நிறுத்தினால் திருடி என்று நெஞ்சு இடித்தது. பிறகு மறுபடி அலசி, மடித்து, ஒரு காகிதப் பையில் போட்டு, கூடவே நல்ல பேரிக்காய் இரண்டை வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

குளியலறை வாசலில் சீட்டுக் கொடுக்கிறவள் பையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். அன்றைக்கே ஒருத்தி வந்து கூரை பறக்கிற மாதிரி கத்தினாளாம். கீழ்ச் சந்தையில் நெத்திலிக் கருவாட்டுக் கடை வைத்திருக்கிற பில்ஜா.

பில்ஜாவைச் சூனிமுக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஏறுகிறவள். அறுபதைத் தாண்டியவள். ஜன்னலைத் திறந்தால் காற்று என்பாள், மூடினால் புழுக்கம் என்பாள். பிரேக் போட்டால், "ஏம்மா, நாங்க என்ன மூட்டையா?" என்பாள். தராசுத் தட்டில் ஒரு நெத்திலி கூடுதலாகப் போட்டாள் என்று யாரும் அவளைப் பற்றிச் சொன்னது கிடையாது.

கடையில் பில்ஜா ஸ்டூலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சூனிம் பையை நீட்டி, குனிந்து வணங்கி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். பில்ஜா பையைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை.

"இத்தனை நாளா இதைப் போட்டுக்கிட்டா சுத்துன?"

சூனிம் பொய் சொல்லவில்லை. "ஆமாக்கா. கழட்ட மனசு வரலை."

பில்ஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்து என்ன வசவு வரப்போகிறதோ என்று சூனிம் நின்றாள்.

"உன்னுதை நான் ஒரே ஒரு நாள் போட்டேன்" என்றாள் பில்ஜா. "ஒரே நாள். வேற எடுத்துட்டு வரலையே, அம்மணமாவா கடைக்கு வருவேன்? இந்த மேல் தட்டுல இருந்து மூட்டைய இறக்கக் கையத் தூக்கினேன். பட்டி சரக்குன்னு இறங்கிருச்சு. தோளை இப்படி ஒரு வெட்டு வெட்டினேன். மறுபடி கையத் தூக்கினா மறுபடி இறங்குது. எதிர்க்கடை டோஃபுக்காரி கேக்குறா, என்னடி பட்டப்பகல்ல ஆட்டம், லாட்டரி விழுந்துருச்சான்னு."

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. பில்ஜா தன் மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நீ ஆடவேயில்லை, இல்ல?"

"இல்லைக்கா."

"அந்தப் புகார எழுதினது நான்தான்."

சூனிமுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கோழி மாதிரி கையை ஒடுக்கிக்கொண்டு ஓட்டியது, பாங்கின் முன்னால் கூசி நின்றது, தோளில் ஒட்டிய அந்த நாற்றம் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. "ஏங்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? தினம் என் முதுகுக்குப் பின்னாலதானே உக்காந்திருக்கீங்க" என்றாள். "ஒரு பை நிறைய வலிப் பட்டை ஒட்டிக்கிட்டு அலையறேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடையோட படுத்த மாதிரி இருக்குன்னு தள்ளிப் படுக்குறாரு."

பில்ஜாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நெத்திலித் தட்டு மடியிலிருந்து சரிந்து கொட்டியது. சூனிமுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நெத்திலி பொறுக்கினார்கள்.

பில்ஜாவுக்கும் அந்த அளவு தானாகத் தெரியவில்லை. போன வருஷம் மகள் இழுத்துக்கொண்டு போய் வாங்கித் தந்தாளாம். அதுவரை அவளும் தொண்ணூறுதான். கடையை எதிர்க்கடைக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சூனிமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் பெரிய சந்தைக்கே போனாள்.

உள்ளாடைக் கடையில் சூனிம் திரைக்கு முன்னால் நின்றுவிட்டாள். வாரா வாரம் அரை ஊரின் முன்னால் அம்மணமாகக் குளிக்கிறவளுக்கு அந்தத் துணித் திரைக்குள் சட்டையைக் கழற்றக் கூச்சமாக இருந்தது. கடைக்காரி சட்டைக்கு மேலேயே டேப்பைச் சுற்றி எண்பத்தைந்து என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது.

"நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் பில்ஜா. "இவ நிக்கிறவ இல்லை, ஓட்டுறவ. உக்காரு. ஸ்டீயரிங்கைப் பிடி."

திரைக்குள் ஒரு ஸ்டூல் போட்டு சூனிமை உட்கார வைத்தாள். சூனிம் காற்றில் ஸ்டீயரிங் பிடித்தாள். பில்ஜா திரைக்கு வெளியே நின்று, "சந்தை வளைவு, இடது" என்றாள். சூனிம் ஒடித்தாள். "பள்ளிக்கூடம், வலது. லாரி வருது, பின்னால எடு." பட்டி இறங்கியது. "இறங்கிருச்சு" என்றாள் உள்ளேயிருந்து. கடைக்காரி வேறொன்று தந்தாள். கோயில் வரைக்கும் போய் அதுவும் இறங்கியது. பில்ஜாவின் எண்பது டி-யைப் போல ஒன்று எல்லா வளைவுகளிலும் நின்றது. ஆனால் நிதானமாகப் பார்த்தபோது அக்குளில் குத்தியது, மேலே சதை பிதுங்கியது.

சூனிம் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். கழற்றிப் போட்டிருந்த தன் தொண்ணூறையும் எடுத்துப் பார்த்தாள். ஷூ தொழிற்சாலை ஞாபகம் வந்தது. குதிகால் கழன்று வருகிற ஷூவுக்குக் கயிற்றை இறுக்கிக் கட்டி என்ன பயன்? நீளம் குறைந்து அகலம் கூடிய ஜோடி வேண்டும். இத்தனை வருஷம் அவள் கயிற்றைத்தான் இறுக்கியிருக்கிறாள். பிடிக்க வேண்டியது உடம்பைச் சுற்றிய பட்டி. அது லொடலொடவென்று இருந்தால் தோள்பட்டி என்ன செய்யும்?

"சுத்தளவு இதேதான். கப்பு மட்டும் இன்னும் ஒண்ணு பெருசா வேணும்" என்று கடைக்காரியிடம் சொன்னாள். "தோள்பட்டி ரெண்டும் உள்பக்கமா தள்ளி இருக்கணும். எனக்குச் சரிஞ்ச தோள்."

கடைக்காரி அடுக்குக்குள் துழாவி எண்பது ஈ ஒன்றை எடுத்து வந்தாள். ஊதா நிறம். சூனிம் அந்த நிறத்தில் கைக்குட்டைகூட வைத்திருந்ததில்லை. மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பில்ஜா மலை உச்சிவரை ஏற்றினாள், இறக்கினாள், குறுக்கே ஒரு பூனையை ஓடவிட்டு பிரேக் போடச் சொன்னாள். அதற்குள் கடையிலிருந்த மற்றப் பெண்களும் திரைக்கு வெளியே கூடிவிட்டார்கள். "இறங்குச்சா?" என்றாள் ஒருத்தி. "இல்லை" என்றது திரை. "எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புல நிறுத்துங்க" என்றாள் இன்னொருத்தி. திரைக்குள் சூனிம் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. அவள் அந்த ஊதாவிலேயே வெளியே வந்தாள். அதே அளவில் இன்னும் சிலவற்றையும் எடுத்துக்கொண்டாள். ஒன்றுகூடத் தோல் நிறம் இல்லை.

அதற்குப் பிறகு வண்டியில் ஆட்டம் நின்றுபோனது. பில்ஜா பாங்குக்கு போன் போட்டு, அவள் ஆடவில்லை, என் கண்தான் சரியில்லை என்று புகாரைத் திரும்பப் பெற்றாள். பாங் ஒட்டுப் பட்டைகள்தான் குணப்படுத்தின என்று நம்பி, முதுகு வலி என்று வந்த இன்னொரு டிரைவருக்கும் ஒரு பை வாங்கிக் கொடுத்தான்.

தாத்தாக்கள்தான் ஏங்கிப்போனார்கள். ஆரஞ்சு கொடுத்தவர் ஒருநாள் வாய்விட்டே கேட்டார், ஏன் டிரைவரம்மா இப்போதெல்லாம் ஆடுவதில்லை என்று. சூனிம் வாயைத் திறப்பதற்குள், முன்சீட்டில் இருந்த பில்ஜா திரும்பிப் பார்த்தாள்.

"அவ பிரா அளவு சேராம தோளை ஆட்டிக்கிட்டிருந்தா தாத்தா. இப்ப சேருது."

தாத்தா ஜன்னலுக்கு வெளியே கப்பல்களை ஆழ்ந்து கவனித்தார். சூனிமின் காது சிவந்துவிட்டது. ஆனால் அன்று மலை உச்சியில் கடைசியாக இறங்கிய பெண், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், படியில் நின்றபடி, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டாள். மறுநாள் வேறொருத்தி கேட்டாள். அதற்கடுத்த மதிய ஷிப்ட் நாளில் சூனிம், பில்ஜா, டோஃபுக்காரி, துப்புரவுக்காரி என நாலு பேர் குளித்து முடித்து, ஈரத் தலையோடு பாலத்தைத் தாண்டிப் போனார்கள். டோஃபுக்காரிக்குத் திரைக்குள் மூட்டை தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்காரி தன் கைப்பையில் இரண்டு செங்கல்லைப் போட்டுக் கொடுத்தாள்.

பழைய எட்டையும் சூனிம் குப்பைக்கென்று கட்டி வைத்திருந்தாள். கிபோக் அதை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், பட்டிகளை வெட்டி, காற்றில் சாய்ந்த மிளகாய்ச் செடிகளைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். எந்தச் செடியும் நழுவவில்லை என்று பெருமையாகச் சொன்னான். கோடையில் மிளகாய் நன்றாகக் காய்த்தது. சூனிம் ஒரு கூடை பறித்துக் கருவாட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். பில்ஜா ஒரு காயைச் சோயா விழுதில் தோய்த்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, "உறைப்பு பத்தாது" என்றாள். அப்புறம் பெரிய நெத்திலியாகப் பார்த்து ஒரு பை நிறைய அள்ளி, தராசில் வைக்காமலே அவள் கையில் கொடுத்தாள்.